பொம்பேயின் தெருநாய்கள்: இடிந்த நகரங்களில் நாய்கள் ஏன் குடியேறுகின்றன

இத்தாலியின் பொம்பேய் நகருக்கு 15, 20 வருடங்களுக்கு முன்பு போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வெசுவியஸ் எரிமலை, சாம்பலில் புதைந்த வீடுகள், நிறம் மங்காத சுவரோவியங்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அப்புறம் நாய்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். தூண் நிழலில் ஒன்று படுத்துக் கிடந்தது, இன்னொன்று வாசலிலிருந்து கடைசிவரை கூடவே நடந்து வந்தது, குட்டி போட்ட ஒன்று ஒரு பழைய வீட்டுக்குள் யாரையும் விடவில்லை. எகிப்தின் கீசாவிலும், ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அடிவாரத்திலும், நம் ஹம்பியிலும் சுற்றியவர்களுக்கும் இது புதிதில்லை.

பார்ப்பவர்களில் சிலர் பயப்படுகிறார்கள். சிலர் பரிதாபப்பட்டு பிஸ்கட் போடுகிறார்கள். இடத்தை நிர்வகிப்பவர்களுக்கோ பெரும்பாலும் சங்கடம்: உலகப் பாரம்பரியச் சின்னத்தில் தெருநாயா என்று. இந்த மூன்று உணர்ச்சிகளுமே நாய் அங்கே எப்படி வந்தது என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. அந்தக் கேள்விக்குப் பொம்பேயில் கிடைக்கும் பதில் மற்ற இடங்களுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். பொம்பேய் மொத்தம் சுமார் 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டப்பட்டுவிட்டது. மீதி இன்னும் மண்ணுக்கடியில், மேலே புல்லும் மரமுமாக இருக்கிறது. தோண்டிய பகுதியில் தெருத்தெருவாக வீடுகள். கூரை போயிருந்தாலும் சுவர்கள் நிற்கின்றன, மூலைகள் நிழலாக இருக்கின்றன. வண்டி வாகனம் கிடையாது. சாயங்காலம் வாசலைப் பூட்டிவிட்டால் காவலர்களைத் தவிர ஆள் நடமாட்டமும் இல்லை. பழைய ரோமானியர்கள் தெருமுனைகளில் வைத்த கல் தொட்டிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குக் குழாய் பொருத்தி இப்போதும் குடிநீர் விடுகிறார்கள். வெயிலில் வருகிறவர்கள் பாட்டிலை நிரப்பிக்கொள்வதும் அங்கேதான், நாய் நாக்கை நனைத்துக்கொள்வதும் அங்கேதான். சுவரை ஒட்டியே இன்றைய பொம்பேய் ஊர் இருக்கிறது. வாசலுக்கு வெளியே உணவகங்கள், பழரசக் கடைகள், குப்பைத் தொட்டிகள்.

ஒரு நாய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? உணவு, தண்ணீர், நிழல், குட்டி போட ஒரு மறைவு, கல்லெறியாத மனிதர்கள். கடைசியாகச் சொன்னதுதான் இதில் அரிது. வயலில் நாய் நுழைந்தால் விவசாயி விரட்டுவார், கடைத்தெருவில் நுழைந்தால் கடைக்காரர் விரட்டுவார். விடுமுறையில் வந்தவர் விரட்டுவதில்லை. அவர் நல்ல மனநிலையில் இருக்கிறார், கையில் சாண்ட்விச் வைத்திருக்கிறார், மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடுவார். ஒவ்வொரு நாளும் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போகும் இடத்தை நாய் கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2024 நவம்பரிலிருந்து பொம்பேயில் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதியில்லை என்று வரம்பு கட்ட வேண்டிய அளவுக்குக் கூட்டம்.

ஆனால் இடம் வசதியாக இருப்பது பாதிக் கதைதான். நாய்கள் தாமாக வந்து சேர்ந்தவை மட்டுமில்லை. பல, மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. இத்தாலியில் நாயைக் கைவிடுவது குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம். 2004-இல் திருத்தப்பட்ட சட்டத்தில் 1,000 முதல் 10,000 யூரோ வரை இருந்த அபராதம், 2025-இல் 5,000 முதல் 10,000 யூரோ வரை என்று உயர்த்தப்பட்டது. இருந்தும் கோடை விடுமுறைக் காலம் வந்தால், ஊருக்குக் கிளம்பும் குடும்பங்களில் சில, வளர்த்த நாயைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போவது இன்றும் நடக்கிறது. இப்படி விடுகிறவர் மனதிலும் ஒரு கணக்கு இருக்கும்: சாலையில் விட்டால் அடிபடும், சுற்றுலாத் தலத்தில் விட்டால் யாராவது சோறு போடுவார்கள். அந்தக் கணக்கு தப்பில்லை என்பதுதான் வேதனை. பயணிகள் காட்டும் இரக்கமே அந்த இடத்தை நாயைக் கொண்டுவந்து விடத் தோதான இடமாக ஆக்கிவிடுகிறது.

சரி, வந்துவிட்ட நாயை என்ன செய்வது? இதற்குச் சட்டத்தின் பக்கம் போக வேண்டும். 1991 வரை இத்தாலியில் பிடிபட்ட தெருநாயை யாரும் வந்து கேட்காவிட்டால் கொன்றுவிடலாம். அந்த வருடம் வந்த 281-ஆம் எண் சட்டம் அதை நிறுத்தியது. தீராத நோயுள்ளவை, ஆபத்தானவை என்று உறுதியானவை தவிர எந்த நாயையும் கொல்லக்கூடாது. பிடித்துப் பதிவு செய்து, கருத்தடை செய்து, காப்பகத்தில் வைத்து, தத்துக் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் இது மிகவும் முன்னேறிய சட்டம். எனக்கு இன்றும் அதன் மீது மரியாதை உண்டு. ஆனால் சட்டம் பொறுப்பை நகராட்சிகளின் தலையில் வைத்தது. தெற்கு இத்தாலியின் நகராட்சிகளிடம் காசு குறைவு, சொந்தக் காப்பகமும் குறைவு. அதனால் தனியார் காப்பகங்களுக்கு நாய்க்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு என்று பணம் கட்டினார்கள். நாய் தத்துப் போனால் அந்த வரும்படி நின்றுவிடும். ஆக, நாய்க்கு வீடு தேட வேண்டியவருக்கே, அதற்கு வீடு கிடைக்காமல் இருப்பதில்தான் லாபம். உள்ளே போன நாய் சாகும்வரை கூண்டிலேயே கிடக்கிற நிலை பல ஊர்களில் இப்படித்தான் உண்டானது.

பொம்பேயில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. தொல்லியல் தளம் மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகத்துடையது. தெருநாய் நகராட்சியின் பொறுப்பு. கருத்தடையும் சிகிச்சையும் அரசு சுகாதாரத் துறையின் கால்நடை மருத்துவர்கள் வேலை. சுவருக்கு உள்ளே படுத்திருக்கும் நாய் யாருடையது? மூன்று அலுவலகங்களும் மற்ற இரண்டைக் கை காட்டலாம். அரசு அலுவலகங்களுக்கு அலைந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த இடைவெளியில் நாய்களைப் பார்த்துக்கொண்டவர்கள் தளத்தின் காவலர்களும் அக்கம்பக்கத்து விலங்கு ஆர்வலர்களும்தான், தங்கள் கைக்காசில்.

2008-இல் இத்தாலிய அரசு பொம்பேய்க்கு நெருக்கடி நிலை அறிவித்தது. சுவர்கள் சரிந்துகொண்டிருந்தன, பராமரிப்பு இல்லை, வெளியே கண்டபடி வியாபாரம், உள்ளே நாய்கள். தனி ஆணையர் நியமிக்கப்பட்டார். அடுத்த வருடம், 2009-இல், நாய்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. விலங்கு நல அமைப்புகளும் அதில் சேர்ந்துகொண்டன. 50-க்கும் மேற்பட்ட நாய்கள் அடையாளம் காணப்பட்டு, மைக்ரோசிப் பொருத்தி, பரிசோதித்து, கருத்தடை செய்து, தத்துக்குத் தயாராக்கப்பட்டன. நாய்களுக்குப் பெயரும் வைத்தார்கள், பழைய நகரத்தை நினைவூட்டும் பெயர்களாகப் பார்த்து. மெலேயாகர் என்று ஒரு நாய். பொம்பேயில் அந்தப் பெயரில் ஒரு வீடே இருக்கிறது. படத்தோடும் பெயரோடும் இணையத்தில் போட்டார்கள். பல நாய்களுக்கு வீடு கிடைத்தது.

இத்திட்டத்துக்குச் சுமார் 1 லட்சம் யூரோ செலவானது பிறகு பெரிய விமர்சனத்துக்கு ஆளானது. 2010 நவம்பரில் கிளாடியேட்டர்களோடு தொடர்புடைய ஒரு கட்டடம் முழுதாக இடிந்து விழுந்தபோது, சுவரைக் காப்பாற்றாமல் நாய்க்குச் செலவழித்தார்களே என்று கோபப்பட்டார்கள். கோபம் புரிகிறது. ஆனால் செலவின் அளவைப் பாருங்கள்: பின்னால் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வந்த மாபெரும் சீரமைப்புத் திட்டத்தின் மதிப்பு 105 மில்லியன் யூரோ. நாய்களுக்கு ஒதுக்கியது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது அதிகச் செலவா, சிக்கனமாகச் செய்திருக்கலாமா என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். எனக்கு அதில் படும் குறை வேறு. அது நெருக்கடி கால ஆணையரின் திட்டம். நெருக்கடி நிலை முடிந்தால் ஆணையர் போய்விடுவார். நாய்கள் வந்துகொண்டேதான் இருக்கும். ஒருமுறை எண்ணி, சிப் போட்டு, பாதியைத் தத்துக் கொடுத்துவிட்டால் அடுத்த ஆகஸ்டில் காரிலிருந்து இறக்கிவிடப்படும் நாயை அது தடுக்காது. இடம் காலியானால், அதே உணவும் அதே நிழலும் அடுத்த நாயை இழுக்கும். தெருநாய் விஷயத்தில் ஒருமுறை செய்யும் பெரிய வேலையைவிட, வருடம் முழுக்க நடக்கும் சின்ன வேலைதான் பலன் தரும்: புதிதாக வந்ததை அன்றே கவனிக்க ஒரு ஆள், கூப்பிட்டால் வரும் மருத்துவர், ஒரு பதிவேடு.

ஆனால் அந்தத் திட்டம் ஒரு முக்கியமான காரியத்தைச் செய்தது. அதுவரை "பொம்பேய் நாய்கள்" என்று கூட்டமாக இருந்தவை ஒவ்வொன்றும் தனித்தனி நாயாயின. ஒரு பழைய நகரத்தில் நாய்கள் இருப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. அந்த நாய் எது, எப்போது வந்தது, ஊசி போட்டதா என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் குறை. நாய்க்கும் ஆபத்து, வருகிறவருக்கும் ஆபத்து.

பொம்பேயில் நாய் என்றதும் கைடுகள் எல்லாரும் அழைத்துப் போகும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஒரு வீட்டு வாசலில் பதித்திருக்கும் கறுப்பு வெள்ளை மொசைக்: சங்கிலியில் பாயும் நாய், கீழே "நாய் ஜாக்கிரதை" என்று லத்தீனில் எழுத்து. 1820-களில் தோண்டியெடுத்த வீடு அது. நம் தெருக்களில் கேட்டில் மாட்டும் அதே பலகைதான். இன்னொன்றைச் சுலபமாகப் பார்த்துவிட்டு நகர முடியாது. 1874-இல் மார்க்கஸ் வெசோனியஸ் பிரைமஸ் என்ற சலவைத் தொழில் முதலாளியின் வீட்டில் கிடைத்த நாய். உண்மையில் கிடைத்தது நாயில்லை, நாய் இருந்த வெற்றிடம். சாம்பல் இறுகிப்போக, உள்ளேயிருந்த உடல் மக்கிவிட, அதன் வடிவத்தில் ஒரு பொந்து மிஞ்சியது. அதில் ஜிப்சம் சாந்தை ஊற்றி, இறுகியதும் சுற்றியுள்ளதை உடைத்தெடுத்தால் உடல் அப்படியே வெளிவரும். மனித உடல்களுக்கு 1863-இல் ஜுசெப்பே பியோரெல்லி கையாண்ட அதே முறை. நாய் முதுகைத் தரையில் போட்டு, உடலை முறுக்கி, கால்கள் மேலே வளைந்து கிடக்கிறது. கழுத்தில் பட்டை, அதில் வெண்கல வளையங்கள். கி.பி. 79-இல் எரிமலை வெடித்தபோது மணிக்கணக்காக நுரைக்கல் மழையாகக் கொட்டியது. வீட்டார் ஓடிவிட்டார்கள் போலும். நாயை அவிழ்த்துவிட யாரும் நினைக்கவில்லை. கற்கள் குவியக் குவிய நாய் மேலே மேலே ஏறியிருக்கிறது, சங்கிலி நீளம் தீரும்வரை. தொல்லியலாளர்கள் தரும் பொதுவான விளக்கம் இது.

இன்று பொம்பேயில் திரியும் நாய்கள் அந்த ரோமானிய நாய்களின் வாரிசுகள் என்று நம்புவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஆனால் நகரம் மீட்டர் கணக்கில் புதைந்து, 1748-இல்தான் அங்கே அகழ்வு தொடங்கியது. இன்றைய நாய்கள் சுற்றுவட்டார கம்பானியா ஊர்களின் நாய்கள். அந்தப் பழைய நாயையும் இந்த நாய்களையும் சேர்ப்பது ரத்தம் இல்லை. ஒன்றைக் கட்டிப்போட்டு விட்டுப் போனார்கள், மற்றவற்றை இறக்கிவிட்டுப் போனார்கள்.

ரோம் நகருக்கு வந்தால் காட்சி மாறுகிறது. ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட இடத்தை ஒட்டியுள்ள லார்கோ அர்ஜென்டினா இடிபாடுகளில் பூனைகள்தான். அங்கே அவற்றுக்கென்று ஒரு காப்பகமே தன்னார்வலர்களால் நடக்கிறது. இது ரோமானியர்களின் பூனைப் பாசத்தால் மட்டும் வந்ததில்லை. முன்பு சொன்ன அதே 1991 சட்டம் பூனையையும் நாயையும் வேறு வேறாக நடத்துகிறது. சுதந்திரமாக வாழும் பூனைக்கூட்டத்தை அது இருக்கும் இடத்திலேயே கருத்தடை செய்து அங்கேயே விட வேண்டும், துன்புறுத்தக்கூடாது. நாய்க்கு அந்த உரிமை இல்லை, அதன் இடம் காப்பகம். கம்பானியா போன்ற தெற்கு மாநிலங்கள் பின்னால் "பேட்டை நாய்" என்று ஒரு வகையை ஏற்றுக்கொண்டன. ஆபத்தில்லாத நாயாக இருந்து, அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்றால், கருத்தடைக்குப் பிறகு தெருவிலேயே வாழலாம். நம் நாட்டின் 2001-ஆம் வருட நாய்க் கருத்தடை விதிகளும், அதற்குப் பதில் வந்த 2023-ஆம் வருட விதிகளும், பிடித்த இடத்திலேயே நாயைத் திரும்ப விடச் சொன்னதை வைத்துப் பார்த்தால் இது நமக்குப் பழகிய ஏற்பாடுதான். துருக்கி இதற்கு நேரெதிர்த் திசையில் போய்விட்டது. 2004 முதல் கருத்தடை செய்து திரும்ப விட்டுவந்த நாடு, 2024 ஜூலையில் சட்டத்தை மாற்றி எல்லாவற்றையும் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டது. அங்குள்ள தெருநாய்கள் சுமார் 40 லட்சம் என்பது அரசின் மதிப்பீடு. அத்தனைக்கும் காப்பகம் எங்கே என்ற கேள்விக்கு அங்கே இன்னும் நல்ல பதில் இல்லை.

கீசாவின் கதை வேறு மாதிரி. 2024 அக்டோபரில் விடியற்காலையில் பாராகிளைடரில் பறந்துகொண்டிருந்த ஒருவர், காப்ரே பிரமிடின் உச்சியில் ஏதோ அசைவதைப் படம் பிடித்தார். தரையிலிருந்து சுமார் 136 மீட்டர். அந்தப் பிரமிடின் மேல்பகுதியில் மட்டும் பழைய வழவழப்பான சுண்ணாம்புக்கல் உறை உதிராமல் மிச்சமிருக்கிறது. மனிதர்களுக்கே அது ஏறச் சிரமமான பகுதி. அங்கே ஒரு நாய் பறவைகளைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. சிக்கிக்கொண்டது என்று உலகமே பதறியது. அது பாட்டுக்கு இறங்கி வந்துவிட்டது. கெய்ரோவின் விலங்கு மீட்புக்காரர்கள் அது எந்த நாய் என்று சொன்னார்கள்: பிரமிடின் அடிவாரத்தில் வாழும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது, பெயர் அப்பல்லோ. பிரமிடைப் பார்க்க வந்தவர்கள் அதற்குப் பிறகு அப்பல்லோவையும் தேடத் தொடங்கினார்கள்.

அந்தப் பகுதியில் நாய்க்கு மரியாதை கிடைப்பது முதல்முறை இல்லை. 1935-இல் கீசாவின் கல்லறைகளில் ஒன்றில், கட்டுமானக் கல்லாக மறுபயன்பாடு செய்யப்பட்ட ஒரு கல்வெட்டு கிடைத்தது. அரசனின் காவல் நாய் ஒன்றைப் பற்றியது. அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள், அபுவ்தியு என்று. அதை முறைப்படி அடக்கம் செய்ய அரசன் ஆணையிட்டதையும், கருவூலத்திலிருந்து சவப்பெட்டியும், ஏராளமான மெல்லிய துணியும், சாம்பிராணியும், வாசனைத் தைலமும் கொடுத்ததையும், அதற்கென்று ஒரு கல்லறை கட்டச் சொன்னதையும் கல் சொல்கிறது. 4,000 வருடங்களுக்கு முந்தைய செய்தி. நாயின் கல்லறை கிடைக்கவில்லை, பெயர் கிடைத்துவிட்டது.

இனி, இப்படி ஒரு இடத்துக்குப் போகிறவர்களுக்கு. பகல் வெயிலில் படுத்திருக்கும் நாய் பெரும்பாலும் உங்களைக் கண்டுகொள்ளாது. காலையில் திறக்கும் நேரமும் சாயங்காலம் மூடும் நேரமும்தான் அவை நடமாடி, இரை தேடி, ஒன்றோடொன்று சண்டையிடும் நேரம். கூரையில்லாத அறை என்று தைரியமாக மூலைக்குள் நுழைவதற்கு முன் குட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாய் நாய்க்கு வெளியேற வழி விட்டு நில்லுங்கள். துரத்தினால் ஓடாதீர்கள், கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், பக்கவாட்டில் திரும்பி மெதுவாக விலகுங்கள். குனிந்து கல்லெடுப்பது போல் பாவனை செய்வது நம் ஊர்த் தெருக்களில் பிறந்த பழக்கம். இடிபாடுகளில் அது வேண்டாம். நீங்கள் கையில் எடுப்பது 2,000 வருடப் பழைய கல்லாக இருக்கலாம். உணவு கொடுக்க மனம் கேட்டால் கையால் ஊட்டாதீர்கள், கூட்டம் நடக்கும் பாதையில் போடாதீர்கள். அங்குள்ள காவலர்களிடம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு அவர்களிடம் கொடுத்தால் அது ஒழுங்காகப் போய்ச் சேரும்.

காதையும் கழுத்தையும் கவனியுங்கள். இந்தியாவில் கருத்தடை ஆன நாயின் காதில் ஒரு வெட்டு இருக்கும், துருக்கியில் காதில் பிளாஸ்டிக் பட்டை, ஏதென்ஸில் கழுத்துப்பட்டை. அது இருந்தால் அந்த நாய் ஒருமுறையாவது மருத்துவர் கைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஊசியின் காலம் முடிந்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பிவிடவும் கூடாது.

இத்தாலியின் நாய்களிடம் வெறிநோய் இல்லை. எகிப்திலும் துருக்கியிலும் இந்தியாவிலும் உண்டு. அங்கே கடியோ கீறலோ பட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்புக்கான எதிர்ப்புப் புரத ஊசி) தேவைப்படும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, எந்த நாய் என்பதாக இருக்கும். காவலருக்கு அந்த நாயைத் தெரியுமென்றால், பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார், அதைப் பத்து நாள் கண்காணிக்கலாம். பத்தாம் நாளும் அது நலமாக இருந்தால் மருத்துவர் மீதி ஊசிகளை நிறுத்தச் சொல்லலாம். யாருக்கும் தெரியாத நாய் என்றால் அந்த வழி இல்லை, எல்லா ஊசியையும் போட்டே ஆக வேண்டும். முதல் ஊசி போடும் இடத்தில் மருந்தின் பெயரையும் தேதியையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீதியை ஊருக்குத் திரும்பி அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகத் தொடரலாம்.